நெஞ்சு வலிக்கும்போது பொறுமை வேண்டா

 

 

மிம்பரில் 'கல்பு' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், பொறாமை, பெருமை, முகஸ்துதி முதலிய உள்நோய்களைப் பற்றிய பேச்சு வரப்போகிறது என்று தாங்கள் எண்ணுவது இயல்பே. நானும் பல ஆண்டுகளாக அவ்வாறுதான் பேசி வந்திருக்கிறேன். உடலின் சீர்மையும் சீர்கேடும் ஒரு சதைத் துண்டைப் பொறுத்தவை என்னும் கருத்தமைந்த நபிமொழியை எடுத்துக் கூறி, அந்தச் சதைத் துண்டை ஒரே மூச்சில் தாண்டி ஆன்மாவுக்குச் சென்றுவிடுவது எங்களைப் போன்றோரின் வழக்கம். இன்று அந்தச் சதைத் துண்டைப் பற்றியே பேசப் போகிறேன். அதற்குக் காரணம் எனக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சி. நேர்ந்தது என்பதைவிட, என் அறியாமையால் விளைந்தது என்று சொல்வதே நேர்மை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மார்கழிக் குளிரில், ஒரு நாள் ஃபஜ்ருத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தனர். எங்கள் பள்ளியின் மோதினார் தூணில் சாய்ந்து அமர்ந்திருந்தார். ஐம்பதைக் கடந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர். நான் அப்பள்ளிக்கு வந்த நாள் முதல் ஒரு வேளை பாங்கையும் தவறவிடாதவர். என்னவென்று கேட்டேன். "நெஞ்சு நடுவில் அரிசி மூட்டையை ஏற்றி வைத்தாற்போல் இருக்கிறது ஹஜ்ரத். தாடை வரைக்கும் இழுக்கிறது" என்றார். நாங்களெல்லாம் சால்வை போர்த்தியிருக்க, அவருடைய தொப்பி மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது. "ராத்திரி கந்தூரிச் சோறு கொஞ்சம் கூடிவிட்டது, வாயுதான்" என்று அவரே சொன்னார். நானும் "வாயுதான்" என்றேன். கடையிலிருந்து சோடா வாங்கி வரச் செய்தேன். ஓமத் தண்ணீர் கொடுத்தோம். நெஞ்சில் கை வைத்து ஓதி ஊதினேன். "பொறுமையாக இருங்கள், இஷ்ராக் நேரம் வரை பார்ப்போம்" என்று சொன்னேன்.

ஆட்டோவில் ஏற்றியபோது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழிந்துவிட்டது. மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துப் பார்த்த மருத்துவர், வலி எப்போது தொடங்கியது என்று கேட்டார். சொன்னேன். "அதுவரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்றார். அதட்டவில்லை; குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதற்காகத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இதயத்தின் முன்புறத் தசையில் பெரும்பகுதி செத்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருடைய அஜல் அந்த நாளில்தான் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி என்னிடம் கேட்கப்படாது என்று நான் எப்படி நம்புவது?

இதயம் எங்கிருந்து பருகுகிறது?

அன்றிலிருந்து இந்த உறுப்பைப் பற்றி நான் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை முதலில் சொல்கிறேன். நம் கைம்முட்டி அளவே உள்ள தசைப்பை அது. ஏறத்தாழ முந்நூறு கிராம் எடை. ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடித்து, நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் அனுப்புகிறது. வியப்பு இதிலன்று. இவ்வளவு இரத்தம் தன் அறைகளுக்குள் வந்து போகும்போதும், அதிலிருந்து இதயத்தின் தசை தனக்கென்று நேரே எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம். அண்டா நிறையக் கஞ்சி காய்ச்சி ஊருக்கெல்லாம் ஊற்றிவிட்டு, தன் பங்கைத் தனிக் கிண்ணத்தில் பெற்றுக்கொள்ளும் பண்டாரியைப் போல, இதயம் தனக்கான இரத்தத்தைத் தன் மேற்புறத்தில் படர்ந்துள்ள தனிக்குழாய்களிலிருந்தே பெறுகிறது. கரோனரித் தமனிகள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய்கள் அவை. மனிதனின் உயிர் அந்த அகலத்தில் ஓடுகிறது.

இந்த உண்மையை எழுதி வைத்தவர்களுள் முன்னோடி நம் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு அறிஞர் ஒருவர் என்பது மதரஸாவில் ஓதிய காலத்தில் எனக்குத் தெரியாது. டமாஸ்கஸ் நகரில் பிறந்து, கெய்ரோவில் மருத்துவராகவும் ஃபிக்ஹு ஆசிரியராகவும் விளங்கி, கி.பி. 1288இல் மறைந்த இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அவர்களே அவர். இதயத்தின் வலப்புற அறையிலிருந்து இடப்புற அறைக்கு இரத்தம் நடுச்சுவரின் நுண்துளைகள் வழியாகக் கசிகிறது என்று கிரேக்க மருத்துவர் கேலன் எழுதியதை ஆயிரம் ஆண்டுகளாக உலகம் ஏற்றிருந்தது. இப்னு ஸீனாவும் அதையே ஏற்றார். அப்படியொரு துளையே இல்லை, இரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் மறுபுறம் வருகிறது என்று இப்னுந் நஃபீஸ் எழுதினார். இதயத் தசைக்கு உணவு அதன் அறைகளிலுள்ள இரத்தத்திலிருந்து வருவதன்று, அதன் உடலில் பரவியுள்ள நாளங்களிலிருந்தே வருகிறது என்பதும் அவருடைய கூற்றே. அவருடைய சுவடியை 1924இல் பெர்லின் நூலகத்தில் எகிப்து நாட்டு மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவி கண்டெடுக்கும்வரை நம் சமுதாயமே அதை மறந்திருந்தது. பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஃபிக்ஹும் மருத்துவமும் ஒரே மனிதரிடம் குடியிருந்த காலம் ஒன்று இருந்தது. அவற்றை எதிரெதிராக நிறுத்துபவர்கள் நாம்தாம்.

அந்தத் தமனிகளின் உட்சுவரில் இளமையிலிருந்தே கொழுப்பு மெல்லப் படியத் தொடங்குகிறது. புகை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவை அச்சுவரைப் புண்ணாக்கி அதை விரைவுபடுத்துகின்றன. பல ஆண்டுகள் எந்த வலியும் தெரியாது. வழி மிகக் குறுகிய பின்பு, மாடிப்படி ஏறும்போதும் விரைந்து நடக்கும்போதும் நெஞ்சு இறுக்கும், நின்றால் விட்டுவிடும். இது எச்சரிக்கை. ஒரு நாள் அந்தக் கொழுப்புத் திட்டின் மேல்தோல் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை முழுமையாக அடைத்துவிடுகிறது. இதுவே மாரடைப்பு. வழி பாதி கூடக் குறுகாத குழாயிலும் இந்த வெடிப்பு நேரலாம் என்பதால், நேற்றுவரை ஓடியாடிய மனிதர் இன்று விழுகிறார்.

அடைபட்ட அரைமணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்குகிறது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று போகப் போக, காப்பாற்றுவதற்கு அங்கே மிச்சம் எதுவும் இருப்பதில்லை. செத்த இதயத் தசை மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே மருத்துவர்களின் கணக்கில் நேரமும் தசையும் ஒன்றே. நாங்கள் பள்ளிவாசல் தூணருகே சோடா கொடுத்துக்கொண்டிருந்தபோது செலவானது நேரமன்று.

எது வாயு, எது இதயம்?

நெஞ்சின் நடுவே அழுத்தம், இறுக்கம், பாரம், அது இடக்கையிலோ இரு கைகளிலோ தாடையிலோ முதுகிலோ மேல்வயிற்றிலோ பரவுதல், காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், இனம் புரியாத மரண பயம். இவற்றுள் எல்லாம் சேர்ந்து வரவேண்டும் என்பதில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அது வாயுவா இதயமா என்று தீர்மானிக்கும் தகுதி எனக்கும் இல்லை, தங்களுக்கும் இல்லை. ஏப்பம் விட்டால் குறைகிறது என்பது சான்றாகாது. ஈசிஜியும் டிரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனையுமே சொல்ல வேண்டும். முதல் ஈசிஜி சரியாக இருந்து, சிறிது நேரம் கழித்து எடுத்ததில் மாரடைப்பு தெரிந்த நிகழ்ச்சிகளும் உண்டு. எனவே மருத்துவர் இருக்கச் சொன்னால் இருங்கள். 'அல்ஹம்து லில்லாஹ், ஒன்றுமில்லை' என்று எழுந்து வந்துவிடாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு மரத்திருப்பதால் வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். திடீர்க் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டுமே தெரியும்.

பெண்கள் செய்தியை இங்கே சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பின்பு அவர்களுக்கும் இந்த ஆபத்து ஏறிவிடுகிறது. நெஞ்சுவலியோடு சேர்ந்தோ அது பெரிதாகத் தெரியாமலோ, களைப்பு, முதுகுவலி, வாந்தி, மூச்சிரைப்பு என்று அது வரக்கூடும். நம் வீடுகளில் தாய்மார்கள் எல்லோருக்கும் பரிமாறி முடித்துவிட்டுத்தான் தம் வலியைச் சொல்கிறார்கள். சொன்னாலும் 'மகன் வரட்டும்' என்கிறார்கள். ஆண் மருத்துவர் பார்ப்பாரே என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. பெண் மருத்துவர் கிடைக்காதபோது, ளரூரத்தின் அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதும் தொடுவதும் ஆகும் என்பதில் மத்ஹபுகளின் ஃபிக்ஹு நூல்களில் தெளிவு இருக்கிறது. உயிர் போகும் நேரத்தில் ஈசிஜிக்காக மார்பில் வயர் ஒட்டுவதை ஆட்சேபிக்கும் கணவரோ மகனோ பேணுவது மார்க்கத்தை அன்று.

அப்படியென்றால் என்ன செய்வது? நோயாளியை நடக்கவிடாமல், படியேறவிடாமல் சாய்ந்து அமரச் செய்யுங்கள். 108ஐ அழையுங்கள். தமிழகத்தில் 2008 முதல் இயங்கும் சேவை இது. தாமே பைக்கில் உட்கார்ந்து போவது கூடாது. வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் பைக்கில் எதுவும் செய்ய முடியாது. இரத்தக்கசிவு உள்ள வயிற்றுப்புண்ணோ ஒவ்வாமையோ இல்லாதவருக்கு, மருத்துவரோ 108இல் பேசுபவரோ சொன்னால், 300 மில்லிகிராம் அளவு ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யலாம். சில காசுகள் பெறும் மாத்திரைதான். 1988இல் வெளியான ஐசிஸ்-2 என்னும் பேராய்வில், பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடையே, ஆஸ்பிரின் ஐந்து வாரங்களுக்குள் நேரும் இதய, இரத்தக்குழாய் மரணங்களைக் கால் பங்கு அளவுக்குக் குறைத்தது. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைப் பக்கத்து வீட்டாரிடம் கடன் வாங்கிக் கொடுப்பது வேறு. இரத்த அழுத்தம் இறங்கியிருந்தால் அது ஆபத்து.

பெரிய மருத்துவமனை தொலைவில் உள்ள கிராமத்தார் மனம் தளர வேண்டியதில்லை. தமிழக அரசு 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மருந்துகளின் முதல் தவணையை ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் துணைச் சுகாதார நிலையங்களிலும் வைக்க ஏற்பாடு செய்தது. தங்கள் ஊர் நிலையத்தில் அது இருக்கிறதா என்று இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வலி வந்த பிறகு விசாரிக்க நேரமிராது.

யாரேனும் பேச்சு மூச்சின்றி விழுந்துவிட்டால், 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பெலும்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமுங்குமாறு நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை வீதம் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது. ஒவ்வொரு மஹல்லாவிலும் இளைஞர்கள் பத்துப் பேராவது மருத்துவரை அழைத்துப் பயிற்சி பெற வேண்டும். மய்யித்தைக் குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய கடமைக்கும் ஆள் வேண்டாமா?

தவக்குலின் பெயரால்

சகோதரர்களே! இவ்வளவும் கேட்ட பின்பும் சிலர், 'எல்லாம் விதிப்படி நடக்கும்' என்பார்கள். ஷாமில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்னும் கருத்தில் உமர் (ரலி) பதில் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. மருத்துவமனையும் விதிக்குள்தான் இருக்கிறது.

இதைவிட நம் பொருளுக்கு நேரடியானது ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களின் செய்தி. அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் வந்து மார்பில் கை வைத்தார்கள். அந்தக் குளிர்ச்சி ஸஅதின் நெஞ்சுவரை எட்டியது. பிறகு, இது இதயத்தின் நோய் என்று சொல்லி, ஸகீஃப் குலத்தைச் சேர்ந்த மருத்துவர் ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லுமாறு பணித்தார்கள். அஜ்வாப் பேரீச்சம்பழம் கொண்டு சிகிச்சை செய்யும் முறையையும் கூறினார்கள். அபூதாவூதில் இது இடம்பெற்றுள்ளது. இதன் அறிவிப்பாளர் தொடரைக் குறித்து ஹதீஸ்கலை வல்லுநர்களிடையே பேச்சு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஹாரிஸ் இஸ்லாத்தை ஏற்றாரா என்பதிலும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அப்படியிருந்தும் திறமையுள்ளவர் என்பதால் அவரிடம் அனுப்பப்பட்டார் என்பதை ஆலிம்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். நம்மவர்களில் பலர் இந்தச் செய்தியிலிருந்து பேரீச்சம்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மருத்துவரை விட்டுவிட்டார்கள். துபாயிலிருந்து கிலோக் கணக்கில் அஜ்வா வருகிறது. ஈசிஜி எடுக்க ஆள் வருவதில்லை.

ஓதிப் பார்ப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் ஓதுகிறேன். இப்போது ஆம்புலன்ஸில் உட்கார்ந்து ஓதுகிறேன்.

வலி வருமுன்

சலீம் யூசுஃப் என்னும் மருத்துவப் பேராசிரியர் தலைமையில் 52 நாடுகளில் நடத்தப்பட்ட இண்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளிவந்தது. முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பது பங்கு ஆபத்தை ஒன்பதே காரணங்கள் விளக்கிவிடுகின்றன என்பது அதன் முடிவு. அவற்றில் பெரும்பாலானவை மாற்றக் கூடியவை. தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயதையொட்டி வருகிறது, மற்றவர்களுக்கு 59ஐயொட்டி வருகிறது என்று அதன் தொடர்ச்சியாக 2007இல் வெளியிட்டார்கள். ஆறு ஆண்டுகள். ஒரு மகளின் நிகாஹைப் பார்ப்பதற்கும் பாராமல் போவதற்கும் உள்ள வேறுபாடு அது.

முதல் எதிரி புகை. நம் பெண்களில் பலருக்குப் பீடி சுற்றுவதே வாழ்வாதாரமாக இருக்கும் ஊர்களுக்கும் இந்த இதழ் செல்கிறது என்பதை அறிவேன். சொல்ல நா கூசுகிறது. ஆயினும் சொல்லாமல் இருக்க முடியாது. புகையை விட்ட ஓராண்டுக்குள், அதனால் கூடியிருந்த இதய ஆபத்து பாதியாகிவிடுகிறது. ஐம்பது வயதில் விட்டாலும் பலனுண்டு.

உயர் இரத்த அழுத்தத்துக்கு அறிகுறி இல்லை, அளந்தால்தான் தெரியும். 140/90க்கு மேல் தொடர்ந்து இருந்தால் மருந்து பற்றி மருத்துவர் முடிவு செய்வார். தலைசுற்றவில்லை என்பதால் மாத்திரையை நிறுத்துவது, மழை பெய்யவில்லை என்று கூரையைப் பிரிப்பதைப் போன்றது. உப்பு ஆளுக்கு ஒரு நாளில் ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் ஒரே தட்டில் வைக்கும்போது அந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

வலீமாவைப் பற்றிச் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். வலீமா ஸுன்னத்து. பிரியாணிக்கு மேல் நெய்ச்சோறு, அதற்கு மேல் கறிக் குருமா, அதற்கும் மேல் அல்வா என்பது ஸுன்னத்தன்று. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விடுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாகத் திர்மிதீயில் வந்துள்ளதை உணவு பரிமாறுபவர்களும் அறிந்திருந்தால் நலம்.

தொழுகையே போதிய உடற்பயிற்சி என்று பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. தொழுகை இபாதத். இதயத்துக்கு வாரத்தில் 150 நிமிடமாவது மூச்சு வாங்கும் வேகத்தில் நடை வேண்டும். இரண்டு தெரு தள்ளியுள்ள பள்ளிக்கு பைக்கில் வராமல் நடந்தே வந்தால், எட்டுக்கு எட்டு நன்மையும் கிடைக்கும், நடையும் ஆகும்.

ரமளான் மாதத்தில் ஆண்டுதோறும் நான் காண்பது ஒன்று: ஸ்டென்ட் வைத்தவர்கள் நோன்புக்காக மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தைத் திடீரென நிறுத்தினால் அந்த ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறையக்கூடும். பெரும்பாலான மாத்திரைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றி அமைத்துவிடலாம். ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். நோன்பே கூடாது என்று அவர் சொன்னால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை (2:184) ஏற்றுக்கொள்ளுங்கள். நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, கரைந்தது தொண்டைக்குள் விழுங்கப்படாதவரை நோன்பை முறிக்காது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்துள்ளது. மாரடைப்பென்று தெரிந்தால் அந்த ஆராய்ச்சியும் வேண்டா. நோன்பை விட்டுவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிறகு களா செய்துகொள்ளலாம்.

இப்போது எங்கள் பள்ளியின் ஹவுளுக்கு அருகே ஓர் அட்டை தொங்குகிறது. 108, அருகிலுள்ள சுகாதார நிலையத்தின் எண், ஈசிஜி வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லும் வழி ஆகியவை அதில் உள்ளன. எழுதிக் கொடுத்தவர் மறைந்த மோதினாரின் மூத்த மகன். அவர் என்னிடம் ஒருநாளும் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிக் கேட்டதில்லை. இதைப் படிக்கும் தாங்கள் அவருடைய தந்தையின் மறுமை வாழ்வுக்காகவும், அன்று 'வாயுதான்' என்று சொன்ன எனக்காகவும் துஆ செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். வஸ்ஸலாம்.